அண்ணி கொண்டுவந்த வீட்டுப் பூட்டு

ஒரு நாள் மதியம் பட்டன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். பட்டன் என்பது மில்லில் அவனுக்கு வைத்த பெயர். மாட்டுத் தீவனம் கலக்கும் மெஷினைப் பச்சைப் பட்டனை அமுக்கி ஓட்டுவதும், சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்துவதும் அவன் வேலை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், முந்தின ராத்திரி அவன் கண் மூடவே இல்லை.

அன்று மெஷினுக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டியவள் அவனுடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவள் அவனை எழுப்பவில்லை. உள்ளேயும் இறங்கவில்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் அவன் படாதபடி முன்னால் உட்கார்ந்துகொண்டு, கிழிந்த சாக்குகளைத் தைக்க ஆரம்பித்தாள். அவன் தானாக விழித்த பிறகுதான் ஏணியில் கால் வைத்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று சூப்பர்வைசர் கத்தியபோது வயிற்று வலி என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. பிறகொரு நாள் சூப்பர்வைசரே அதைச் சிரிப்பாகச் சொல்லித்தான் பட்டனுக்குத் தெரிய வந்தது.

அண்ணிக்கு மில்லில் ஊசி என்று பெயர். அவ்வளவு ஒல்லி. தீவனம் கலக்கும் டிரம் படுத்துக் கிடக்கும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். மேலே ஒரு வாய், அதில் சாதாரண உடம்பு நுழையாது. உள்ளே நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஆள் கை நீளத்துக்குத் தகடுகள். தவிடும் வெல்லப்பாகும் சுவரோடு ஒட்டிக் கல்லாக இறுகிவிடும். அண்ணி அந்தத் தகடுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, கரண்டி போன்ற இரும்பால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அவள் உள்ளே இருக்கும்போது யாராவது பச்சைப் பட்டனைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தவிட்டை என்ன செய்யுமோ அதைத்தான் மெஷின் அவளையும் செய்யும். அதற்கு ஆள் தெரியாது.

அதனால் ஏணியில் ஏறுமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கடவுளைக் கூப்பிடுவாள். அப்புறம் கொழுந்தனைப் பார்த்து, "கடவுளுக்கு அடுத்து நீதான் தம்பி, கைய மடியில வச்சுக்கோ" என்பாள். அவனும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான்.

வேறெங்கோ ஒரு மில்லில் ஒரு ஆள் இப்படிச் செத்துப் போனதாகச் செய்தி வந்தது. அதன் பிறகுதான் இங்கே ஆபீசுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒரு பெட்டி நிறையச் சிவப்புப் பூட்டுகள் வாங்கினார்கள். சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். மெஷினுக்குள் கை வைக்கிறவர் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும், சாவி அவரிடமே இருக்க வேண்டும், அவர் வெளியே வந்து திறக்கும் வரை மெஷினை யாராலும் ஓட்ட முடியாது என்றார். அண்ணி சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுதாள் என்று அண்ணன் சொன்னான்.

அந்த நன்றியில் மண் விழ அதிக நாள் ஆகவில்லை. மூட்டை தூக்குகிற குண்டு அண்ணன் தன் சிவப்புப் பூட்டைச் சாப்பாட்டுப் பை வைக்கும் அலமாரிக்குப் போட்டிருந்தார். ஒரு நாள் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, பசியோடு கதவைக் குத்திக்கொண்டிருந்தார். அண்ணி விளையாட்டாகத் தன் கழுத்துச் சாவியைக் கொடுத்தாள். பூட்டு திறந்துகொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். "ஊசி, இனிமே உன் சாப்பாடும் என் சாப்பாடும் ஒண்ணுதான்" என்றார் குண்டு அண்ணன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய், கண்ணில் பட்ட சிவப்புப் பூட்டிலெல்லாம் போட்டுப் பார்த்தாள். எல்லாம் திறந்தது. பெட்டியோடு வந்த பூட்டுக்கெல்லாம் ஒரே சாவி.

அப்படியே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்துதான் வாங்கியதாம். ஒருத்தன் சாவியைத் தொலைத்தால் மில் நிற்கக் கூடாதாம்.

"அப்ப அந்தப் பூட்டு என் உசுருக்கு இல்ல சார்" என்றாள் அண்ணி. "மில்லுக்கு வந்து பாக்குறவங்க கண்ணுக்கு."

அவர் சிரித்தார். எந்தக் கிறுக்கன் அதைப் போய்த் திறப்பான் என்று கேட்டார்.

அடுத்த முறை சுத்தம் செய்ய வந்தபோது அண்ணி பையிலிருந்து எடுத்தது தன் வீட்டு வாசற்கதவுப் பூட்டு. பழசு, கனமானது, அதற்கு இருந்தது ஒரே ஒரு சாவி, அதுவும் அவளிடம். வாசலைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. திருடன் வந்தால் என்னடி செய்வாய் என்று அண்ணன் குதித்தான். "திருடன் வந்தா நாலு பாத்திரம் போகும், திரும்ப வாங்கிக்கலாம். நான் போனா எங்க வாங்குவீங்க?" என்று கேட்டாள். "எனக்கு வேற எவ கிடைப்பா, இந்த வாய்க்கு" என்று அண்ணன் முனகிக்கொண்டு கயிற்றில் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டான்.

சூப்பர்வைசருக்கு அது மூக்கை அறுத்த மாதிரி இருந்தது. உன் அண்ணிக்குச் சொல்லி வை, மில்லுக்குள் மில் பூட்டுதான் என்று பட்டனிடம் சொன்னார். பட்டன் அதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை, சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லவும் இல்லை. பிள்ளைகுட்டிக்காரன், இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. அண்ணி தன் பூட்டைப் போட்டுவிட்டு டிரம்முக்குள் இறங்கியிருந்தாள். வெளியே தீவனம் ஏற்ற லாரி நின்றது, டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பட்டன் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில், லாரிக்குத் தார்ப்பாய் கட்ட டிரம்மில் சாய்த்திருந்த ஏணியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஏணியடியில் கிடந்த அண்ணியின் செருப்பு மூட்டைக்கு அடியில் போய்விட்டது. பட்டன் திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் மெயின் சுவிட்சுக்கு முன்னால் நின்று, தன் சிவப்புச் சாவியை வீட்டுப் பூட்டில் திணித்துத் திணித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கிறுக்கன் திறப்பான் என்று கேட்டவர் அவர்தான்.

ஏணி இல்லை, செருப்பு இல்லை, அவள் வேலையை முடித்து டீ குடிக்கப் போய்விட்டாள், பூட்டை எடுக்க மறந்துவிட்டாள் என்றார். ரம்பத்தை எடுத்து அறு என்றார். அண்ணியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றான் பட்டன். லாரி திரும்பிப் போனால் நாளைக்கு நீயும் வர வேண்டாம் என்று பதில் வந்தது. பட்டன் டிரம்மின் கீழே நின்று, "அண்ணி, உள்ள இருக்கீங்களா?" என்று ஒரு தரம் கத்தினான். பக்கத்துக் கொட்டகையில் அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை.

அவன் அறுக்க ஆரம்பித்தான். பழைய இரும்பு, லேசில் அசையவில்லை. கர்... கர்... என்று பல்லைக் கூச வைக்கிற சத்தம். பாதி வளையம் போயிருக்கும். உள்ளங்கை வியர்த்து வழுக்கவே, ரம்பத்தை நிறுத்திக் கையைச் சட்டையில் துடைத்தான்.

ரம்பம் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

கர்... கர்... என்று அது டிரம்முக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

ரம்பம் அவன் கையிலிருந்து விழுந்தது. ஓடிப் போய் ஏணியைப் பிடுங்கி வந்தான். அண்ணி தலையெல்லாம் தவிடாக மேலே வந்து, யார் ஏணியை எடுத்தது என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள். அப்புறம் பூட்டைப் பார்த்தாள். ரம்பத்தைப் பார்த்தாள். கொழுந்தனின் சட்டையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைப் பார்த்தாள்.

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார் சூப்பர்வைசர்.

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத அண்ணி அன்று அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "ஒண்ணும் ஆகலன்னு சொல்றதுக்கு நான் இருக்கேன் சார். ஆகியிருந்தா, ஊசி பூட்ட மறந்துட்டு உள்ள போயிட்டான்னு நீங்கதான் சொல்லியிருப்பீங்க. நான் எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லுவேன்?" ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டிரைவர்கூட நிறுத்திவிட்டான். கழுத்தில் கிடந்த வீட்டுச் சாவியை எடுத்து, பாதி அறுந்த பூட்டை ஒழுங்காகத் திறந்து, அவர் மேஜையில் வைத்துக் காட்டி, திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனிச் சாவி வரும் வரை டிரம்மில் இறங்க மாட்டேன் என்றாள்.

ஆபீஸ் என்ன செய்தது? பூட்டை மாற்றவில்லை, அவளை மாற்றியது. வெளிப்பூட்டு போட்டு மில்லின் வேலையைக் கெடுத்தாள் என்று கணக்கு முடித்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே இன்னொரு ஒல்லியான பெண் வந்தாள், கழுத்தில் அதே சிவப்புச் சாவியோடு. ஊசியோடு சிரித்துப் பேசிய அத்தனை பேரும் அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படைத்தவன் கொடுத்த உயிருக்கு ஒரு பூட்டின் விலை மதிப்பு இல்லை என்று சொல்ல இவர்கள் யார்? அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நாம்தான் யார்?

அண்ணனும் அண்ணியும் மகள் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குக் கிளம்பினார்கள். பட்டன் பஸ் நிலையம் வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அண்ணி அவனோடு பட்டும் படாமலும்தான் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் உறுமியது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கிடந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டான்.

"நான் கூப்பிட்டேன் அண்ணி. சத்தியமா கூப்பிட்டேன். பதில் வரல."

அண்ணி அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"இப்ப இன்னொருத்தி உள்ள போறா தம்பி. அவளயும் கீழ நின்னு கூப்பிட்டுட்டு இருக்காத. ஏறிப் பாரு."