பெரியக்கா கூப்பிடுகிறாள்

ஹெட்போன் மாட்டியவர் ஒரு விரலை உயர்த்தி “உஷ்!” என்கிறார். கடலுக்குள் பத்து மீட்டர் ஆழத்தில் தொங்கும் மைக்குக்கு, படகுத்துறையில் யார் இருமினாலும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் தும்மல் வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். துறைமுகத்தில் இவருக்குக் ‘காது சார்’ என்று பெயர்.

புதுத் துறைக்காகக் கடலில் இரும்புத் தூண் இறக்க இவர் கையெழுத்து வேண்டும். டால்பின் சத்தம் கேட்டால், அது ஓய்ந்து அரை மணி கழித்துத்தான் சம்மட்டி இயந்திரம் அசையலாம். டால்பின் வழி பார்ப்பதும் இரை தேடுவதும் ஒலியால்தான். தூண் அடிக்கிற இடி அதற்குக் கண்ணைக் கட்டி வாயையும் பொத்துகிற மாதிரி.

“ஒவ்வொண்ணுக்கும் தனி விசில். அதான் அதோட பேரு” என்பார். அந்தப் பக்கம் வந்துபோகும் பதினொன்றையும் விசிலை வைத்தே சொல்லிவிடுவார்; அதில் மூத்தவளுக்குப் ‘பெரியக்கா’ என்று பேர் வைத்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரரின் பெயரை மட்டும் நாலு வருடமாகத் தப்பாகவே சொல்கிறார். காது சார் மனைவியின் புகார் வேறு: “டால்பின் விசில் அடிச்சா அரை கிலோமீட்டர்ல இருந்து கேக்குது. குக்கர் விசில் அடிச்சா பக்கத்துல உக்காந்தும் கேக்கறதில்ல.”

முதல் தூண் விழாவன்று பொது மேலாளர் இயந்திரப் பொத்தான்மேல் விரலையே வைத்துவிட்டார். காது சார் கையெழுத்துப் போடவில்லை.

“பெரியக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா சார். குட்டி பதில் சொல்லல. இப்ப அடிச்சா அம்மா குரலே அதுக்குக் கேக்காது.”

“விருந்தாளிங்க எல்லாம் வந்தாச்சுய்யா! உங்க அக்கா பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கலாம். போடு கையெழுத்த. இல்லேன்னா நாளைக்கு உன் நாற்காலியில வேற காது உக்காரும்.”

காது சார் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். “நீங்களே கேளுங்க சார்.”

மேலாளர் வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டார். “என்னய்யா, எண்ணெய் பொரியுது?”

“அது இறால் கொடுக்கைச் சொடுக்கற சத்தம் சார். கொஞ்சம் பொறுங்க.”

மேலாளரின் வாய் மெதுவாக மூடியது. ஏறி இறங்கும் ஒரே விசில். சற்று இடைவெளி. மறுபடி அதே விசில். பதிலே இல்லை. முழுசாக ஒரு நிமிடம் அவர் யாரையும் திட்டவில்லை. பணிக்காலத்திலேயே அது ஒரு சாதனை.

கழற்றியதும் நேராக மேடை ஒலிபெருக்கிக்குப் போனார். “கடலின் குரலுக்குச் செவிசாய்க்கும் நிறுவனம் இது! வேலையை நிறுத்தச் சொன்னதே நான்தான்!” கைதட்டல் எழுந்தது. படம் எடுப்பவருக்காக இன்னொரு முறை சொன்னார்.

இருபதாவது நிமிடம் குட்டியின் விசில் வந்தது. சின்னதாக, நடுவில் உடைந்து. காது சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தார். இரண்டு குரலும் சேர்ந்து விலகிப்போய்த் தேய்ந்தன. அதன்பின் அரை மணியும் கடந்தது. கையெழுத்துப் போட்ட தாளோடு மேடையருகே போனார்.

“சார், இனிமே அடிக்கலாம்.”

மேலாளர் காதில் விழவில்லை. பேச்சு அப்போதுதான், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதன் மேன்மைக்கு வந்திருந்தது. காது சார் இன்னும் இரண்டு முறை “சார்” என்றார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.