சுடுகாட்டுப் பூவும் என் மகளின் தலைமுடியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் மண்ணரை என்கிற ஊரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. ஏழு வயது மகளுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி வந்தது. பொன்னுக்கு வீங்கி என்று மஞ்சள் பற்றுப் போட்டோம், கரையவில்லை. கோயமுத்தூர் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டுப் புற்று என்றார்.

"பயப்படாதீங்கம்மா, ஊசி இருக்கு. அதுல ஒண்ணு நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கறது" என்றார்.

எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்றுதான் பேர். தலையில் வைக்க மாட்டோம், வாசலில் வளர்க்க மாட்டோம். டாக்டர் சொன்னதை என் மாமியாரிடம் சொன்னேன். மறுநாள் உச்சிவெயிலில் ஆளைக் காணோம். பெண்கள் கால் வைக்காத சுடுகாட்டுக்குத் தனியாகப் போய், மடி நிறைய இலை பறித்து வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கஷாயமே காய்ச்சிவிட்டார்!

எதற்கும் கேட்டுவிடலாம் என்று கஷாயத்தைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். டாக்டர் முகர்ந்து பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயோ பாட்டி, இது விஷம்! ஒரு வண்டி இலையைச் சுத்தம் பண்ணினாத்தான் துளி மருந்து கிடைக்கும்."

"அப்ப ஒரு வண்டி கொண்டாரட்டுங்களா, சாமி?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் என் மகளும் சிரித்தாள். கட்டி வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

ஊசி போடப் போட முடி கொட்டியது. "பழனிக்குப் போனீங்களா?" என்று தெருவில் கேட்டார்கள். கூச்சத்தில் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். பனியன் துணியில் அவளுக்குக் குல்லாய் தைத்தேன். மாதங்கள் போயின. கட்டி சிறுத்துச் சிறுத்துக் காணாமலே போனது. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இனி பள்ளிக்கூடம் போகலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே மாமியார் அந்தச் செடியை வாசலில் நட்டார். நான் சொன்ன பொய்க்காகப் பழனிக்குப் போய்த் தன் தலையையும் மொட்டையடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க ஆத்தா, ஊட்டு வாசல்ல சுடுகாட்டுப் பூவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா கண்ணு. என்ர பேத்திய அங்க போகாம மறிச்சதே அதுதான்."

மகளுக்கு விரல் நீளம் முடி வந்ததும், முதல் பூவாக அந்தச் செடியின் பூவையே மாமியார் அவளுக்கு வைத்துவிட்டார். இன்று அவளுக்கே முடி நரைக்கிறது.

வாசலில் நட்டது ரோஸ் நிறத்தில் பூக்கிற செடி. மருந்து எடுப்பது அதிலா, வெள்ளைப் பூவிலா என்று எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.