வெர்னன் குபியாக்கின் அபிப்பிராயங்கள்

மில்வாக்கியின் தென்பகுதியில் வெர்னன் குபியாக்கைத் தெரிந்தவர்கள் இரண்டே வகை. அவனிடம் மாட்டிக்கொண்டவர்கள், மாட்டாமல் தப்பித்தவர்கள். வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போனால் பரிமாறுகிற பெண்ணிடம் ஆரம்பிப்பான். அவள் பில்லைத் தட்டுகிற அந்தச் சின்னக் கருவி யாருக்காக வேவு பார்க்கிறது தெரியுமா என்பான். அவள் பாவம், மீன் ஆறிவிடும் என்பாள். கடைசியில் அவன் மேஜைக்கு மட்டும் காகிதத்தில் பில் எழுதித் தருவது என்று அந்தக் கடையில் வழக்கமே ஆகிவிட்டது.

மாநகரப் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன் அவன். வாலிபத்தில் யாரோ ஒரு சிநேகிதன் லினக்ஸ் அடங்கிய ஒரு கட்டு பிளாப்பி வட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை நிரலையே யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குச் சும்மா கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் செய்வதை வெர்னனுக்கு அந்த வரி செய்தது. அன்றிலிருந்து பூட்டிய பொருள் எதுவும் அவனுக்கு ஆகாது. "உன்னால தொறந்து பாக்க முடியலைன்னா அது உன்னோடது இல்ல, நீ வாடகைக்கு இருக்க" என்பான். சனிக்கிழமைகளில் நூலகத்தில் லினக்ஸ் சங்கம் கூடும். யாராவது கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதற்குப் புது உயிர் கொடுத்து அனுப்புவான். உயிரோடு சேர்த்து ஒரு மணி நேரப் பிரசங்கமும் இலவசம்.

அவன் மனைவி டார்லீன் மாட்டிக்கொண்டவர்களில் முதல் ஆள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவள் வைத்திருந்ததோ கடையில் எல்லோரும் வாங்குகிற பூட்டிய போன். வெர்னன் அதை "வீட்டுக்குள்ள ஒரு ஒற்றன்" என்பான்.

"அந்த ஒற்றன்தான் உங்க அக்கா பொறந்தநாளை உனக்கு ஞாபகப்படுத்தினான்" என்பாள் அவள்.

"ஆனா டார்..." என்று தொடங்குவான். அவன் வாயில் எந்தப் பேச்சும் அந்த 'ஆனா'வில்தான் தொடங்கும். தொடங்கினால் உருளைக்கிழங்கு ஆறி, காபி ஆறி, டார்லீனும் ஆறிப்போவாள். "ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு சாப்பிடேன் வெர்ன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்படிச் சொல்லாத பெண்டாட்டி உலகத்தில் உண்டா?

நவம்பரில், முதல் பனி விழுந்த அன்று, கராஜில் வெர்னன் சரிந்து விழுந்தான். மூளையின் இடது பாதியில் ரத்தக்கட்டு. உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயால் மட்டுமே பிழைத்த ஒரு மனிதனிடமிருந்து கடவுள் போயும் போயும் அதையா எடுப்பார்? எடுத்ததுதான் எடுத்தார், ஒரு சொல்லை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போனார்.

"ஆனா" என்றான் வெர்னன், கண் விழித்ததும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த யோலாண்டா விளக்கினாள். "நாம சொல்றது அவருக்கு ஓரளவு புரியுது மிஸஸ் குபியாக். சொல்ல வேண்டியதும் உள்ள இருக்கு. வெளிய வர வழி அடைச்சுப்போச்சு. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும். எந்த வார்த்தை மிஞ்சும்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள் டார்லீன். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது யோலாண்டா ஒரு பலகைக் கருவியை இரவல் கொடுத்தாள். படத்தைத் தொட்டால் அது பேசும். கோப்பையைத் தொட்டால் 'தாகமாக இருக்கிறது', கட்டிலைத் தொட்டால் 'தூக்கம் வருகிறது'. தொடத் தொட மூளை பழைய சொற்களைத் தேடிப் போகும் என்றாள். "முதல் சில மாசம்தான் மூளை நாம சொல்றதைக் கேக்கும். காத்துள்ளபோதே தூத்திக்கணும். தினமும் பழக்குங்க."

டார்லீன் சமையலறை மேஜையில் அவனை உட்கார்த்தி, விழுந்துபோன வலது கையைப் பிடித்துக்கொள்ளத் தோதாக அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். கருவியையும் அந்தப் பக்கமே வைத்தாள். வலது கைக்காரன், ஆயுள் முழுக்க மௌஸ் இருந்த இடம் அது. "இங்க பாரு வெர்ன்" என்றாள்.

வெர்னன் இடது கையை நீட்டித் துழாவி, கருவியின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அது வழவழப்பான மேஜை விரிப்பில் சறுக்கிக்கொண்டு போய் அவனுக்கு இடப்பக்கம் தரையில் விழுந்தது. மூலையில் கீறல்.

"ஆனா! ஆனா!" என்றான் முகம் சிவக்க.

மறுநாளும் அதே இழுப்பு, அதே சத்தம். டார்லீன் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். அவளுக்கா தெரியாது? அது பூட்டிய கருவி. பெரிய கம்பெனி சரக்கு. சாகக் கிடந்தாலும் தொடமாட்டேன் என்று சொன்னவன் இப்போது நிஜமாகவே தொடமாட்டேன் என்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆள் இன்னும் அதே ஆள்தான் என்கிற பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை சங்கத்து நண்பர்கள் க்ளென்னும் செங் வாங்கும் டார்லீனோடு சேர்ந்து அவனைத் தாங்கிப் பிடித்து மீன் கடைக்கு அழைத்துப் போனார்கள். க்ளென் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவன், வெர்னனின் வயது. செங் நாற்பதைத் தாண்டியவன், கடன் சங்கம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வெர்னன் தட்டில் மீனைத் தின்றுவிட்டு, வலது ஓரத்தில் இருந்த உருளைக்கிழங்கு அப்பத்தைத் தொடாமல் விட்டான். அது அவன் உயிர். டார்லீன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்மேல கோவம் அவனுக்கு" என்றாள். "பக்கத்துலயே உக்காந்திருக்கேன், மூஞ்சியைக்கூட திருப்ப மாட்டேங்கிறான். அந்தக் கருவியைக் கொண்டுவந்து வச்சது குத்தமாப் போச்சு."

கருவி கதையைக் கேட்டதும் க்ளென் மேஜையைத் தட்டினான். "பின்ன? வெர்னாவது அந்தக் குப்பையைத் தொடறதாவது! சபாஷ்டா கிழவா!"

"என்ன பெரிய வித்தை அதுல?" என்றான் செங். "நாலு படம், ஒரு குரல். நாமளே பண்ணிடலாம் டார்லீன். எல்லாம் திறந்த நிரல்ல, அவரு ஆசைப்பட்ட மாதிரி. ரெண்டு வாரம் குடுங்க போதும்."

"ரெண்டு வாரமா? ஒரு வாரம்" என்றான் க்ளென்.

"ஆனா" என்றான் வெர்னன். மூவரும் அவன் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். டார்லீனுக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு சோறு இறங்கியது. திங்கட்கிழமை கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். "நிச்சயமாத்தானா?" என்று யோலாண்டா கேட்டாள். "இதுக்கு நிறைய பேரு காத்துக்கிட்டிருக்காங்க. போனா சீக்கிரம் திரும்பி வராது."

"என் வீட்டுக்காரனை எனக்குத் தெரியும்" என்றாள் டார்லீன்.

கல்யாணமே நிச்சயமாகவில்லை, அதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற சண்டை வந்தது. நிஜமாகவே பெயர்ச் சண்டைதான் முதலில். எழுதப்போகிற நிரலுக்கு 'வெர்னன்' என்றே வைக்க வேண்டும் என்றான் க்ளென். உலகத்துக்கே பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்றான் செங். பிறகு எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று வந்தது. எடுத்துப் பயன்படுத்துகிறவனும் தன் திருத்தத்தைத் திறந்தே வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதா, அவன் இஷ்டத்துக்கு விடுவதா? பிறகு திரையில் படங்களை வரைவது க்ளென் கேட்ட பழைய முறையிலா, செங் கேட்ட புதிய முறையிலா என்று கிளம்பியது. அதில் பிரேசிலிலிருந்து ஒருவனும் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடிதங்கள் எல்லாம் வெர்னனின் கம்ப்யூட்டருக்கே வந்தன. டார்லீன் அவற்றை உட்கார்ந்து படித்தாள். பேச்சு இருந்திருந்தால் வெர்னன் இதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று க்ளென் நான்கு பக்கம் எழுதினான். வெர்னன் அதற்கு நேர்மாறாகச் சொன்ன பழைய கடிதத்தைச் செங் எடுத்துப் போட்டான். சண்டை யாருக்காகவோ அந்த வெர்னன் பக்கத்து அறையில் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான்.

பனி உருகும் சமயத்தில் டார்லீனே ஒரு கடிதம் எழுதினாள். 'தயவுசெய்து ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். அழகாக இருக்க வேண்டாம்.' அதற்கு முகம் தெரியாத ஒருவன் பதில் போட்டான்: 'நிரல் திறந்துதான் கிடக்கிறது, உங்களுக்கு அவசரம் என்றால் நீங்களே எழுதி முடிக்கலாம்.' அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, சமையலறையில் நின்றபடியே அழுதாள். வெர்னன் இதே வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும்.

சங்கம் இரண்டாக உடைந்தது. செங் பாதி நிரலை எடுத்துக்கொண்டு தனிக் கிளை பிரித்துக்கொண்டு போனான். டார்லீன் மறுபடி யோலாண்டாவிடம் போய் நின்றாள். கருவி வேறு யாரோ வீட்டில் இருந்தது. பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் அறுந்து விழுவது யார்? கேட்க அவளுக்கு நாதி இல்லை.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளென் வந்தான், கையில் தொடுதிரைக் கம்ப்யூட்டரோடு. வண்டியை நிறுத்துவதற்குள் பின்னாலேயே செங்கும் வந்தான், அவனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. எவனோ காதில் ஓதியிருக்க வேண்டும்.

"நீ எதுக்குடா வந்த?" என்றான் க்ளென்.

"ஏன், உனக்கு மட்டும்தான் சிநேகிதனா அவரு?"

"உன்னோடது நின்னு நின்னு பேசுதாமே?"

"உன்னோடது பேசவே இல்லையாமே."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் டார்லீன். "வந்து வைங்க, பாப்போம்."

வைத்தார்கள். வலது கைக்காரனுக்கு வலப்பக்கம்தான் என்று க்ளென் முந்திக்கொண்டான். செங் இடப்பக்கம் வைத்தான். வெர்னன் இடது விரலை நீட்டிச் செங்கின் திரையில் ஒரு படத்தைத் தொட்டான். "காபி வேண்டும்" என்றது அது. மறுபடி தொட்டான். மறுபடி சொல்லிற்று. வெர்னன் வாய் பிளந்து சிரித்தான்.

"பாத்தியா!" என்று குதித்தான் செங். "புது முறைதான் நல்லதுன்னு அவரே சொல்லிட்டாரு!"

க்ளென்னின் முகம் தொங்கிவிட்டது. "அவன் என்னோடதை ஒரு தடவை திரும்பிக்கூட பாக்கலையே டார்லீன்" என்றான், குழந்தை மாதிரி. "அவ்வளவு கோவமா என்மேல?"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சமாதானத்துக்காகத்தான் டார்லீன் இரண்டையும் தூக்கி இடம் மாற்றி வைத்தாள். வெர்னன் விரலை நீட்டினான். இந்தத் தடவை க்ளென்னின் திரையில் தொட்டான். செங்கின் பெட்டி வலப்பக்கம் சும்மா கிடந்தது.

"மனசு மாறிட்டான்!" என்று கத்தினான் க்ளென்.

டார்லீன் கத்தவில்லை. இருந்த இடத்திலிருந்தே, வெர்னனின் வலது காதுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி ஆட்டினாள். அவன் இமைக்கவில்லை. கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். மூக்குக்கு நேராக வந்த பிறகே அவன் கண் அந்தக் கையைப் பிடித்தது. எங்கிருந்தோ முளைத்த மாதிரி அதைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியவே இல்லடா" என்றாள் டார்லீன். "அன்னைக்கு அந்தக் கருவியை நான் இங்கதான் வச்சேன். அவன் தள்ளிவிடல. தெரியற பக்கத்துக்கு இழுத்திருக்கான்."

திறந்த நிரல், பூட்டிய நிரல், கொள்கை, கோபம் என்று அவனுக்காக ஆளாளுக்குப் பேசித் தீர்த்திருந்தார்கள். அவன் கேட்டதோ மேஜையில் அரை முழ இடம்.

கண் மருத்துவர் பார்த்து அதையே உறுதிசெய்தார். கண்ணில் குறையில்லை, வலப்பாதியைப் பார்க்கிற மூளைதான் போயிருக்கிறது என்றார். யோலாண்டா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில கண்ணைச் சோதிச்சப்ப, தெரியுதான்னு கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினாரு. நாங்களும் நம்பிட்டோம்."

"நவம்பர்லயே இடது பக்கம் வச்சிருந்தா?" என்று கேட்டாள் டார்லீன்.

யோலாண்டா பொய் சொல்லத் தெரியாதவள். "இப்பவும் பழக்கலாம். கொஞ்சம் வரும். அப்பவே ஆரம்பிச்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது மிஸஸ் குபியாக்."

அந்த வாரமே இரண்டு கிளைகளும் படங்களை இடப்பக்கம் ஒதுக்குகிற வசதியைச் சேர்த்தன. அதை முதலில் செய்தது யார் என்று கடிதங்கள் பறந்தன. டார்லீன் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் நாற்காலியைத் தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெர்னன் அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதம் எங்கே போயிருந்தாய் என்பது போல, மறைக்காமல், வெகு நேரம் பார்த்தான்.

"நான்தான் தப்பா வச்சேன் வெர்ன்" என்றாள். "உனக்கு அது பிடிக்கலைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். உன்னைக் கேக்கவே இல்ல. எனக்கு நெஞ்சு வெடிக்குது."

வெர்னன் திரையை நோக்கி விரலை நீட்டினான். எதிரில் இருந்தது யாருடைய பெட்டி என்றுகூட அவள் கவனிக்கவில்லை. அவன் நெற்றி சுருங்கியது. சொல்ல வேண்டியது அவனிடம் நிறைய இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. விரல் படங்களுக்கு மேலே தடுமாறித் தடுமாறி இறங்கியது.

"கதவு" என்றது பெட்டி. "செருப்பு. கதவு."

மன்னித்தானா, ஏசினானா, எழுந்து போ என்றானா? டார்லீன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தாள். அதில்லை என்று அவன் தலையை ஆட்டினான். போய் மறுபடி திறந்தாள். அதற்கும் தலையை ஆட்டினான்.