பதினோராம் கட்டிலின் செம்புக் கம்பி

டின்சி படித்தது உலோகவியல். கோட்டயத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், கிருமி தங்காத பரப்புகளைச் செய்து சோதிப்பது வேலை. சில வருட உழைப்பில் மருத்துவமனைக் கட்டில்களுக்குச் செம்புக் கலவையில் பக்கக் கம்பி செய்திருந்தாள். அதில் ஒட்டும் கிருமி சில மணி நேரத்தில் செத்துவிடும். ஒரு வார்டில் மட்டும் மாட்டியிருந்தார்கள். முடிவு சரியாக வந்தால் எல்லா வார்டுக்கும் உண்டு.

அந்த வார்டில்தான் அவள் அம்மா ஏலிக்குட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள். அறுவைக் காயம் சீழ் பிடித்து, இரத்தத்தில் கலந்து, உயிர் போனது.

அடக்கம் முடிந்து டின்சி வேலைக்குத் திரும்பினாள். அம்மா இருந்தபோதே, உடன் வேலை செய்யும் சுகுணன் கட்டில் கம்பிகளில் எடுத்துவைத்த மாதிரிகள் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் வளர்ந்திருந்தன. மற்ற தட்டுகள் ஏறக்குறைய வெறுமை. பதினோராம் கட்டிலின் தட்டில் மட்டும் கிருமி இடமில்லாமல் மண்டியிருந்தது. அது அம்மாவின் கட்டில்.

வார்டுக்குப் போய், துப்புரவு செய்யும் திரேசியாவிடம் கேட்டாள்.

"பதினொண்ணாம் கட்டிலைத் தொடைக்கலையா, சேச்சி?"

"உங்கம்மச்சி விட்டாத்தானே மோளே! 'கம்பி கறுத்துப்போச்சு, பாக்கறவங்க என் மக செஞ்சதை அழுக்குன்னு சொல்லுவாங்க'ன்னு தெனமும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ப்பாங்க. பக்கத்துக் கட்டில்காரி கூட, 'கட்டின புருஷனுக்கு இவ்வளவு எண்ணெய் தேய்ச்சிருக்கியாடீ'ன்னு கேலி பண்ணுவா."

செம்பு தொட்டால்தான் கிருமி சாகும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்திருக்கிறது.

"அந்தக் கட்டிலை விட்டுடு டின்சி," என்றான் சுகுணன். "எண்ணெய் தேய்ச்சது நம்ம தப்பா? சேத்தா மத்த வார்டெல்லாம் போச்சு."

"எண்ணெய்க் கை படாத கட்டில் எங்கடா இருக்கு இந்த ஊர்ல? நாம கழுவித் தொடைச்ச தகட்டுல மட்டும்தானே சோதிச்சோம்?"



காயத்துச் சீழின் மாதிரி மருத்துவமனையில் இருந்தது. கம்பியில் வளர்ந்ததோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே கிருமிதானா என்று தெரிந்துவிடும். அதை மட்டும் அவள் கேட்கவில்லை.

அறிக்கையில் பதினோராம் கட்டிலைச் சேர்த்தாள். காரணத்தையும் எழுதினாள். மற்ற வார்டுகளுக்குக் கம்பி இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் புதுத் தகடுகளில் விரலால் எண்ணெய் தடவி, அதன்மேல் கிருமியை விட்டாள். எல்லாத் தட்டிலும் வளர்ந்தது. எண்ணெய் பட்டாலும் கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க அடுத்த கலவையை உருக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவப் போனாள்.