தேரி மணலில் ஒரு மிலிட்டரி ஜீப்

முத்தையாபுரத்தில் என்னைக் கேலி செய்பவர்கள் வைத்த பெயர் 'தேறாது'. இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த காலமெல்லாம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அந்த ஒரு சொல்லை எழுதியே வயிறு வளர்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதில்லை. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் போன் செய்தார். அவர் அப்பா மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப் தேரிக்காட்டுச் செம்மணலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அண்ணாச்சியின் மகன் அதைப் பழைய இரும்பாக எடைக்குப் போட லாரியே பேசிவிட்டான்.

"நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார். ஓடும்னா வச்சுக்கிடுதேன். இல்லன்னா இன்னைக்கே ஏத்திவிட்டுருதேன்."

போய்ப் பார்த்தேன். பனைகளுக்கு நடுவே அச்சு வரை புதைந்து நின்றது. பானெட்டை உப்புக்காற்று சல்லடையாக்கியிருந்தது. பெயிண்ட் என்று சொல்ல ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. அப்படியும் அது நின்ற மிடுக்கு இருக்கிறதே, அடேயப்பா! ஷோரூமில் பளபளக்கும் எந்தக் காரிடமும் அதை நான் கண்டதில்லை.

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். ஜீப் அசையவில்லை, டிராக்டர்தான் புதைந்தது. "ஏலே, என்னத்த இழுக்கிய?" என்று பின்னாலிருந்து ஓர் அதட்டல். அண்ணாச்சியின் மனைவி. "பனைமட்டைய வெட்டி வீலுக்கு அடியில போடுங்க. மொதல்ல ஸ்டியரிங்க நேராப் பிடிங்க." அவர் சொன்னபடி செய்ததும் ஜீப் முனகிக்கொண்டே மட்டைகள் மேல் ஏறி வெளியே வந்தது. ஏதோ குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். காய்ந்த மணலுக்குள் இருந்த அச்சும் வீல்களும் கணீரென்று ஒலித்தன. இடப்பக்கச் சேசிஸில் தட்டியபோது சுத்தியல் உள்ளேயே போய்விட்டது.

எழுந்து அண்ணாச்சியிடம் விசாரித்தேன். கடைசியாக எப்போது ஓடியது? கியர் எப்படி? ஒவ்வொரு கேள்விக்கும் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். "ரெண்டாவது கியர் துள்ளும், அமுக்கிப் பிடிக்கணும்" என்றார் அந்த அம்மா.

"ஓட்டுனது யாரு அண்ணாச்சி, நீங்களா அவங்களா?"

"எனக்கு சைக்கிளே தகராறு சார்" என்று சிரித்தார். "இந்தத் தேரிக்குள்ள கருப்பட்டி லோடு அடிச்சது பூரா இவதான்."

"பேட்டரி செத்து நின்னு போச்சு. யாரும் கண்டுக்கிடல" என்றார் அந்த அம்மா. "நாந்தான் வருசா வருசம் பிளக்கக் கழத்தி ஆயில் ஊத்திக்கிட்டு வாரேன்."

முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். இஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது! இத்தனை வருஷம் உப்புக்காற்றில் கிடந்த வண்டி. அந்த அம்மாவுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம் போல இருந்தது.

ஆனால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அரித்த சேசிஸுக்குத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். அப்படிச் செய்தாலும் ரோட்டில் ஓட எந்த அதிகாரியும் எஃப்.சி. சான்றிதழ் கொடுக்க மாட்டார். "ரோட்டுல விட முடியாதும்மா" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பனைகளுக்கு அப்பால் லாரியின் ஹாரன் கேட்டது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரோட்டுல விடணும்னு இப்ப யாரு கேட்டா? ரோட்டுக்கு எம் மவன் கார் வச்சிருக்கான். இது என்னைக்குமே மணல்ல ஓடுன வண்டி. இந்த மணலுக்குள்ள ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மணி நேரமாக யாரும் கேட்காத கேள்விக்கல்லவா நான் விடை தேடிக்கொண்டிருந்தேன்!

"ஓடும்மா" என்றேன்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை வீசியபடி லாரியைப் பார்த்து ஓடினார். "ஏலே, திருப்பு! அங்கனயே திருப்பு!"