நீர்நாய்க்குப் பயம் கற்றுக்கொடுத்தவர்

என் சித்தப்பா இரண்டு வருடம் பார்த்த வேலை, ஒரு நீர்நாய்க்கு மனிதர்கள்மேல் பயம் வரவைப்பது. தாயை வலையில் பறிகொடுத்த அந்தக் குட்டியை, திரும்ப ஆற்றில் விடுவதற்காக ஒரு மையம் வளர்த்தது. மனிதனை நம்பிய நீர்நாய் ஆற்றில் ஒரு வாரம் தாங்காது. அதனால் சித்தப்பா முகமூடி போட்டுக்கொண்டு, மீனைக் குழாய் வழியாகத் தள்ளுவார். கிட்டே வந்தால் விரட்டுவார். வாயைத் திறக்கக் கூடாது. அடக்கி வைத்த பேச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து கொட்டுவார்.

“அந்த நீர்நாய் கொடுத்து வெச்சது. இவர் பேச்சைக் கேக்காமலே வளருது” என்பார் சித்தி.

மையத்தின் டைரக்டருக்கு மூன்று பட்டங்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய எனக்கு அவர்மேல் பெரிய பிரமிப்பு இருந்தது. விதிமுறைப் புத்தகத்தை எழுதியவரே அவர்தான். கடைப்பிடிப்பது மற்றவர்கள் வேலை.

பரிசோதனை நாளன்று, ஆற்றில் விட அனுமதி தர வேண்டிய கால்நடை டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். ஓர் ஆள் கூண்டுக்குள் போய் நிற்க வேண்டும். நீர்நாய் ஓடி ஒளிந்தால் ஆற்றுக்குப் போகலாம். கிட்டே வந்தால் ஆயுளுக்கும் கூண்டு. போட்டோக்காரரும் வந்திருந்ததால் டைரக்டர், தானே நிற்பதாகச் சொல்லித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரே ஓட்டமாக வந்து, அவர் பேன்ட்டைப் பிடித்து எழுந்து நின்று, பாக்கெட்டை முகர்ந்தது.

சித்தப்பாதான் பழக்கிக் கெடுத்துவிட்டார் என்று டைரக்டர் பொரிந்து தள்ளினார். டாக்டர் அம்மா பேனாவைத் திறந்தார். அப்போதுதான் சித்தப்பா முகமூடியைக் கழற்றினார்.

“அம்மா, விருந்தாளிங்க வந்தா சார் பாக்கெட்ல இறால் கொண்டுவந்து ஊட்டுவாரு. வேணாம்னு சொன்னேன், உன் வேலையைப் பாருன்னாரு. இது மனுஷங்களைப் பாத்தா ஓடிடும்மா. சாரைப் பாத்தா மட்டும்தான் வரும்.”

டாக்டர் அம்மா வந்த ஜீப்பின் டிரைவரைக் கூண்டுக்குள் நிறுத்திப் பார்த்தார்கள். நீர்நாய் கூண்டுத் தொட்டித் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது. டாக்டர் அம்மாவே போய் நின்றார். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

“சார் ஆத்துப்பக்கம் வர்றது உண்டா?” என்று கேட்டார்.

“இதுவரைக்கும் இல்லம்மா. அங்க செருப்புல சேறு ஒட்டும்.”

அனுமதி கிடைத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: டைரக்டர் ஆற்றங்கரைக்கு வரக் கூடாது.

நீர்நாயை விட்ட அன்று டைரக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து வெற்றி அறிக்கை எழுதினார். ஆற்றங்கரையில் சித்தப்பா பெட்டியைத் திறந்தார். அது அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தண்ணீருக்குள் போய் மறைந்தது. அந்த அவமரியாதையை வீடு வந்து சேரும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.