எழுந்ததும் போடும் மாத்திரை

மாடக்கண்ணு மாமாவுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பொழுது விடியும். முப்பது வருடமாகக் கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர். பகலில் தம்பி ஆறுமுகசாமி ஆடு மேய்ப்பார். ராத்திரிக் காவல் மாமாவுக்கு. ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கொடுக்கவில்லை.

போன தையில் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, பிறகு ஐந்து நாள் மாத்திரை. ஆடுகள் தம்பியோடு போக, மாமா வீட்டில் தனியாகக் கிடந்தார்.

மத்தியானம் கொஞ்சம் அசந்து ஐந்துக்கு எழுவார். அதோடு சரி, மறுநாள் மத்தியானம்வரை கண் மூடாது. பார்க்க வருகிறவர்கள் தூங்குகிறார் என்று திரும்பிவிடுவார்கள். அடுத்த தெருவில் இருக்கும் நான் விளையாட்டுக்குக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவேன். ஒருநாள், யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு எனக்கு ஓட வரவில்லை.

மூன்றாவது ஊசிக்குத் துணைக்குப் போனேன். எடை குறைந்திருந்தது.

"இப்படித் தூங்காமத் தளந்தா அடுத்த ஊசியத் தள்ளி வச்சிருவாங்க," என்றார் நர்ஸ் செல்வமாரி அக்கா. "மாத்திரைய எப்ப போடுதிய அண்ணாச்சி?"

"நீங்க சொன்ன மாதிரிதான். எந்திரிச்சு, சாப்ட்டுட்டு."

"எத்தன மணிக்கு எந்திப்பிய?"

"அஞ்சுக்கு."

"எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்காரே, ஒம்பது மணியானாலும் எந்திக்க மாட்டாரு!"

"சாயங்காலம் அஞ்சு," என்று போட்டுக்கொடுத்தேன்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "தூக்கத்தக் கெடுக்கும்னுதான காலையில போடச் சொல்லுதோம்! இனிமே எட்டு மணிக்குப் போடுங்க. பகல்ல வெளிச்சத்துல நடங்க. ராத்திரி படுங்க."

"ராத்திரி படுத்தா ஆட்ட யாரு பாக்குறது?"

"ஆடுதான் தம்பிகிட்ட இருக்குல்லா," என்றேன். என் வாயைத் தைத்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து காலை வெயிலில் தெருவில் நடந்தார். பகலில் பார்த்திராததால் இரண்டு பேர், "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, விழித்தபடியே படுத்திருந்தார்.

ஒன்பதாம் நாள், இருட்டு விலகுவதற்கு முன்பே என் போன் அடித்தது.

"ஏலே, தூங்கிட்டேன்லே!"

"நானுந்தான் தூங்கிட்டிருந்தேன். எவ்வளவு நேரம்?"

"பத்துலருந்து நாலு வரைக்கும். யாருட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. வச்சிரட்டுமா?"

அடுத்த ஊசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"வைக்காதீங்க மாமா. கனவு ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலலே. அதான் நல்லா இருந்துச்சு."